வாலைப் பார்த்தே வருடம் சொன்ன காலம்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் 1959ஆம் ஆண்டு காடிலாக் காரின் பின்புறப் படம் ஒன்றை இப்பகுதியில் வெளியிட்டிருந்தோம். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய அமெரிக்கக் கார்களின் தோற்றத்தைப் பற்றியே இருந்ததால், இந்த முறை பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அந்தப் படத்தில் காரின் பின்பக்கம் இருபுறமும் விமான வால் போல எழும்பி நிற்கும் தகடுகள் யாருடைய மூளையில் உதித்தவை? அவற்றால் காருக்கு ஏதேனும் பயன் இருந்ததா?

பதில்: விமான வால் என்று நீங்கள் எழுதியது வெறும் உவமையன்று, அவற்றின் பிறப்பிடமே அதுதான். காடிலாக், செவர்லே, ப்யூக் கார்களைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவராக இருந்த ஹார்லி எர்ல், 1941இல் டெட்ராய்ட் அருகேயுள்ள செல்ஃபிரிட்ஜ் விமானத் தளத்துக்குத் தம் வடிவமைப்பாளர்களில் சிலரை அழைத்துச் சென்று, லாக்ஹீட் பி-38 லைட்னிங் என்ற போர் விமானத்தைக் காட்டினார். நடுவே ஒரே உடலாக இல்லாமல், இரண்டு நீண்ட தண்டுகளும் அவற்றின் முடிவில் இரண்டு வால்களுமாக இருந்த அந்த விமானம் அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது. போர் முடிந்து, 1948 மாடல் காடிலாக்கில் அந்த இரட்டை வால் முதன்முதலாக எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தது என்றுதான் சொல்ல வேண்டும்; மட்கார்டின் மேல் விளிம்பு கொஞ்சம் புடைத்து, அந்தப் புடைப்பின் முனையில் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இடப்பக்க விளக்கைப் பிடித்து மேலே தூக்கினால் அதற்கு அடியில் பெட்ரோல் ஊற்றும் வாய் இருக்கும். விளக்குக்குள் பெட்ரோல் மூடியை ஒளித்து வைக்கும் இந்தக் குறும்பைக் காடிலாக் 1941 மாடலிலேயே தொடங்கிவிட்டிருந்தது.

அந்தப் புடைப்பு வளர்ந்து வாலாக ஓங்கியதற்குக் காரணம் போட்டி. கிரைஸ்லர் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் 1957 மாடல்களில் வால்துடுப்புகளைக் கூர்மையாக்கி, கூரையைத் தாழ்த்தி, கார் நின்றிருக்கும்போதே பாய்வது போன்ற ஒரு சாய்வைக் கொடுத்தார். 1956 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன் மதிய இடைவேளையில் காரை ஓட்டிக்கொண்டு போனபோது, கம்பி வேலிக்குப் பின்னால் இன்னும் விற்பனைக்கு வராத, கிரைஸ்லரின் புதிய பிளிமத் கார்கள் வரிசையாக நிற்பதைக் கண்டார். திரும்பி வந்து சகாக்களிடம் சொன்னார்; அவர்களும் ஒவ்வொருவராகப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். எர்ல் ஐரோப்பாவில் இருந்த அந்தச் சமயத்தில், 1959க்காக வரைந்து வைத்திருந்ததை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார்கள். அதன் விளைவுதான் நீங்கள் படத்தில் பார்த்த கார்: ஏறக்குறைய 5.7 மீட்டர் நீளம், ஒவ்வொரு வாலிலும் ராக்கெட் நெருப்பைப் போல இரண்டிரண்டு சிவப்பு விளக்குகள். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தவர்களின் பதற்றம் அந்த உயரத்தில் தெரிகிறது என்பது என் எண்ணம்.

பயனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கவாட்டுக் காற்றில் கார் நிலை தவறாமல் போக வால்கள் உதவுகின்றன என்று கிரைஸ்லர் நிறுவனம் விளம்பரம் செய்தது. சாதாரணச் சாலை வேகத்தில் அந்த வேறுபாட்டை ஓட்டுநர் எவரும் உணர்ந்திருக்க முடியாது. பின்னோக்கி எடுக்கும்போது காரின் மூலை எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்குத் தெரிந்தது. நேர்மையாகச் சொல்லக்கூடிய பயன் அது ஒன்றுதான்.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் காரின் உருவத்தை மாற்றியாக வேண்டும் என்ற பிடிவாதம் ஏன்? அதற்கு ஆன செலவு வீண்தானே?

பதில்: பிடிவாதம் என்பதைவிட வியாபாரம் என்பதே பொருந்தும். 1920களின் நடுவில், அமெரிக்காவில் கார் வாங்கக்கூடிய நிலையில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டிருந்தார்கள். ஹென்றி ஃபோர்டு தம் மாடல் டி காரை ஆண்டுக்கணக்கில் பெரிய மாற்றமின்றி விற்றுக்கொண்டிருக்க, ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு கணக்குப் போட்டார்: ஓடிக்கொண்டிருக்கும் காரையே அதன் சொந்தக்காரரின் கண்ணுக்குப் பழையதாகத் தெரியச் செய்துவிட்டால், அது பழுதாகும் வரை நிறுவனம் காத்திருக்க வேண்டியதில்லை. ஹாலிவுட்டில் தம் தந்தையின் பட்டறையில் கார்களுக்கு உடற்கூடு கட்டி வளர்ந்த ஹார்லி எர்ல், 1927 லாசால் காரை வடிவமைத்துக் கொடுத்த வெற்றியோடு, அதே ஆண்டில் ஸ்லோன் ஏற்படுத்திய ‘ஆர்ட் அண்டு கலர்’ பிரிவின் தலைவரானார். மரத்திலும் தகட்டிலும் மாதிரி செய்வதற்குப் பதிலாகக் களிமண்ணில் முழு அளவில் காரைப் பிடித்து, வழித்து, மீண்டும் பூசிப் பார்க்கும் முறையை அங்கே அவர் நிலைநிறுத்தினார். அந்தக் கார்களின் வளைவுகளைச் சற்று உற்றுப் பார்த்தால் களிமண்ணை வழித்த கையின் போக்கு தெரியும். அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தவருக்கு அவை வந்திருக்காது.

செலவு வீண் என்கிறீர்கள். உள்ளிருக்கும் கூட்டை ஆண்டுதோறும் அவர்கள் மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1955, 1956, 1957 செவர்லே கார்கள் மூன்றும் அடிப்படையில் ஒரே உடல்தான். 1955இல் நடுவில் அடக்கமாக இருந்த கிரில் (முகப்பில் உள்ள உலோகச் சட்டம்), 1956இல் முகத்தின் இரு கோடிக்கும் விரிந்தது. 1957இல் பின்னால் வால் முளைத்தது. பெட்ரோல் வாயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1955இல் அது வேறு பல கார்களைப் போலப் பக்கவாட்டில் ஒரு சிறிய கதவுக்குள் இருந்தது. 1956இல் இடப்பக்கப் பின்விளக்குக்குப் பின்னால் போயிற்று. 1957இல் இடப்பக்க வாலின் ஓரத்திலுள்ள குரோமியப் பட்டைக்குள் மறைந்தது. பெட்ரோல் நிலையத்துப் பையன் எந்த வருடத்துக் காருக்கு எங்கே தொட வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தால்தான் பிழைப்பு. இன்று பலர் ஏங்குவது இந்த அறிவுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தெருமுனையில் திரும்பும் காரின் பின்விளக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘ஐம்பத்தாறு செவர்லே’ என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்ல முடிந்தது.

கேள்வி: அந்தக் கார்களில் பளபளப்பது எல்லாம் உண்மையிலேயே குரோமியமா?

பதில்: மேலே தெரிவது மட்டுமே குரோமியம், அதுவும் மிக மெல்லிய படலம். பம்பரில் எஃகுக்கு மேல் செம்பும் நிக்கலும் ஏற்றி, அதன் மேல் குரோமியம் பூசுவது வழக்கம். மின்னும் ஆழமும் துருவைத் தடுக்கும் வேலையும் பெரும்பாலும் அடியிலிருக்கும் நிக்கலுடையவை. கொரியப் போரின்போது நிக்கலுக்குக் கட்டுப்பாடு வந்ததால் 1950களின் தொடக்கத்தில் வந்த சில மாடல்களின் பூச்சு சீக்கிரமே உரிந்தது. பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் அந்த வருடங்களின் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடுவார்கள். முகப்புச் சின்னங்களும் விளக்கு வளையங்களும் துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அவற்றில் அம்மைத் தழும்பு போலக் குழிகள் விழுந்துவிட்டால் ஒவ்வொரு குழியையும் தோண்டிச் சுத்தம் செய்து நிரப்பிய பிறகே மறுபூச்சு ஏறும். பக்கவாட்டுப் பட்டைகள் பலவும் துருப்பிடிக்காத எஃகு.

இந்த மோகத்தின் உச்சம் 1958 ப்யூக். அதன் கிரில் முழுவதும் தனித்தனியான 160 குரோமியச் சதுரங்கள். ஒவ்வொன்றின் முகமும் வைரம் போலப் பட்டை தீட்டப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை துணியோடு உட்கார்ந்து அத்தனையையும் துடைத்தவரின் பொறுமையை நினைத்தால் எனக்குக் காரைவிட அவர்மீதுதான் மரியாதை வருகிறது.

கேள்வி: இரு வண்ணப் பூச்சு அக்காலத்தில் எல்லாக் கார்களிலும் இருந்ததா?

பதில்: எல்லாவற்றிலும் இல்லை; ஆனால் 1950களின் நடுவில் அது பெரும் வழக்கமாக இருந்தது, சில டாட்ஜ் கார்களில் மூன்று வண்ணங்கூட உண்டு. அதே டாட்ஜ் 1955இல் பெண்களுக்கென்று ‘லா ஃபெம்’ என்ற காரை இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் கொண்டுவந்து, அதற்குப் பொருத்தமான கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, மழைக்கோட்டு, குடை ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுத்தது. பெண்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. இரண்டே மாடல் ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று.

கேள்வி: “அந்தக் காலத்து வண்டி முழுக்க இரும்பு, மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இப்போதைய கார்கள் வெறும் தகரம்” என்று என் மாமனார் உறுதியாகச் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: மாமனாரிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்லுங்கள். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், தன் 50ஆம் ஆண்டையொட்டி 2009இல் ஒரு 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் எதிரெதிரே, ஒவ்வொன்றும் மணிக்கு 40 மைல் வேகத்தில், ஓட்டுநர் பக்கம் மட்டும் இடித்துக்கொள்ளும்படி மோதவிட்டது. மாலிபுவின் முன்பகுதி நசுங்கி அதிர்ச்சியை உள்வாங்கிக்கொண்டது. உள்ளே பயணிகள் அறை உருக்குலையாமல் நின்றது. பெல் ஏரில் நசுங்க வேண்டிய இடம் நசுங்காமல் பயணிகள் அறை மடங்கியது. பாதுகாப்புப் பட்டை, காற்றுப்பை எதுவும் இல்லாத ஓட்டுநர் பொம்மை ஸ்டியரிங்கில் மோதியது. அதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவில் இருந்தவருக்குக் காலில் ஓரளவு அடி பட்டதோடு முடிந்திருக்கும்.

அந்தக் காலத்து ஸ்டியரிங் தண்டு, முன்புறத்திலிருந்து ஓட்டுநரின் மார்பை நோக்கி நீட்டப்பட்ட ஈட்டி போன்றது. மோதும்போது உள்ளே சுருங்கும் தண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்கு 1967 மாடலில்தான் வந்தது. அழகுக்காகச் செய்த மற்றவையும் அப்படித்தான். ஓரங்களில் வளைந்து பக்கவாட்டுக்கு வந்து சேரும் அந்த அகன்ற முன்கண்ணாடியைப் பலரும் வியந்து எழுதியிருக்கிறீர்கள். அதைப் பொருத்துவதற்காக முன்தூண் பின்னோக்கி மடங்கி, கதவுத் திறப்புக்குள் ஒரு முழங்கை போல நீட்டிக்கொண்டிருக்கும். ஏறி இறங்கும்போது முழங்காலைப் பதம் பார்க்கும். கண்ணாடியின் வளைவில் எதிரே வரும் வண்டி இழுபட்டுத் தெரியும். புகைப்படத்தில் இவை எதுவும் தெரிவதில்லை.

கேள்வி: எட்ஸல் கார் தோற்றுப்போனதற்கு அதன் அவலட்சணமான முகம்தான் காரணம் என்கிறார்களே?

பதில்: முகம் ஒரு காரணம், முழுக் காரணமன்று. மற்ற எல்லாக் கார்களின் கிரில்லும் படுக்கைவாட்டில் விரிந்திருந்தபோது, தொலைவிலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும் என்று ஃபோர்டு நிறுவனம் அதற்குச் செங்குத்தான கிரில்லை வைத்தது. அடையாளம் தெரியத்தான் செய்தது. மக்கள் அதைக் குதிரையின் கழுத்துப் பட்டையோடு ஒப்பிட்டுச் சிரித்தார்கள். கியர் மாற்றும் பொத்தான்களை ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தது மற்றொரு விபரீதம். இவற்றையெல்லாம்விட, பல மாதங்கள் பூடகமாக விளம்பரம் செய்து எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு, 1957 செப்டம்பர் 4 அன்று திரையை விலக்கியபோது உள்ளே இருந்தது மற்றுமொரு கார்தான் என்பதே பெரிய ஏமாற்றம். பொருளாதார மந்தமும் சேர்ந்துகொள்ள, 1959 நவம்பரில் கடையைக் கட்டினார்கள்.

கேள்வி: இவ்வளவு ஆடம்பரம் எப்போது, எப்படி முடிந்தது?

பதில்: ஒரே நாளில் முடியவில்லை, ஆனால் திரும்பிய முனையைக் காட்டச் சொன்னால் ஃபோர்டு நிறுவனத்தின் 1961 லிங்கன் காண்டினென்டலைக் காட்டுவேன். வடிவமைப்பாளர் எல்வுட் எங்கல் முதலில் அதை ஃபோர்டின் தண்டர்பேர்ட் காருக்காக வடிவமைத்திருந்தார். பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகப் போன ராபர்ட் மெக்னமாரா அப்போது ஃபோர்டில் இருந்தார். களிமண் மாதிரியைப் பார்த்துவிட்டு, இதையே நான்கு கதவுகளோடு லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். முந்தைய ஆண்டு லிங்கனைவிட ஏறக்குறைய 15 அங்குலம் குட்டையாக, பக்கவாட்டில் சுவர் போன்ற சமதளமாக, மேல்விளிம்பில் மட்டும் ஒற்றைக் குரோமியக் கோட்டோடு அது வந்தபோது, பக்கத்தில் நின்ற மற்ற கார்களெல்லாம் திருமண வீட்டு நகைகளைக் கழற்ற மறந்து அலுவலகம் வந்தவர்களைப் போலத் தோன்றின. எர்ல் 1958இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த பில் மிட்செலுக்குக் கத்தி மடிப்பு போன்ற கூரிய கோடுகளே பிடித்தன. காடிலாக்கின் வால்கள் ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்து 1964 மாடலோடு விடைபெற்றன.

மீதியைச் சட்டம் பார்த்துக்கொண்டது. 1966இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1973 மாடல்கள் முதல், மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பம்பர் இடித்தால் விளக்கு முதலிய பாதுகாப்புப் பாகங்கள் சேதமாகக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பின்பம்பருக்கு அந்த ஆண்டு சற்றே தளர்வான விதி. அதன் விளைவை செவர்லேயின் விளையாட்டுக் காரான 1973 கார்வெட்டில் நேரடியாகப் பார்க்கலாம். முன்னால் உடல் நிறத்தில் பிளாஸ்டிக் மூக்கு. பின்னால் பழையபடி மெல்லிய குரோமியப் பம்பர்கள். அடுத்த ஆண்டு பின்பக்கமும் பிளாஸ்டிக் ஆகிவிட்டது. ஒரு காலத்தின் முடிவையும் மறு காலத்தின் தொடக்கத்தையும் ஒரே உடலில் சுமந்த வேறு கார் எனக்குத் தெரியாது.

கேள்வி: இன்றைய கார்கள் எல்லாம் ஒன்றுபோலவே எனக்குத் தெரிகின்றன. இது வயதின் கோளாறா, உண்மையா?

பதில்: பாதி உண்மை. காற்றுத் தடையைக் குறைக்க வேண்டும், எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டும், ஒரே மாடலைப் பல நாடுகளில் விற்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வினாத்தாள் கொடுக்கப்படும்போது விடைகளும் ஒன்றுபோலத்தான் வரும்.

ஆனால் ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பொற்காலத்தில் அமெரிக்கக் கார்களின் கண்கள் அனைத்தும் ஒன்றே. 1940 முதல் கண்ணாடியும் இழையும் ஒரே கூடாக முத்திரையிடப்பட்ட 7 அங்குல வட்ட விளக்கைத்தான் எல்லா நிறுவனங்களும் முன்புறத்தில் பயன்படுத்தியாக வேண்டியிருந்தது. 1950களின் கடைசியில் பக்கத்துக்கு இரண்டாகச் சிறிய வட்ட விளக்குகள் வைக்க வழி பிறந்தது. செவ்வக விளக்குக்கு 1975 மாடல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விளக்கின் வடிவத்தில் கைவைக்க முடியாததால், அதைச் சுற்றியிருந்த உலோகத்தில் புருவம் வரைந்தார்கள், கன்னம் செதுக்கினார்கள், கிரில்லில் பல்லைக் காட்ட வைத்தார்கள். இன்று நிலைமை தலைகீழ்: உடல் ஒன்றுபோல இருக்கிறது, விளக்குதான் நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய எட்டு வயதுப் பிள்ளையை இரவில் சாலையோரம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், விளக்கை வைத்தே சொல்லிவிடும்.

மற்றொன்று, நம் ஏக்கம் பொறுக்கி எடுப்பது. படங்களில் வரும் 1959 காடிலாக் எல்டொராடோ பியாரிட்ஸ் திறந்த கார்கள் மொத்தம் செய்யப்பட்டவை 1,320தான். அன்றைய அமெரிக்கச் சாலைகளை நிரப்பியிருந்தவை ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட, பட்டையும் பகட்டும் குறைந்த சாதாரண நான்கு கதவுக் கார்கள். அவற்றை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. நான் மேலே புகழ்ந்த 1957 பிளிமத்கூட அவசரமாகத் தயாரிக்கப்பட்டதால் சில ஆண்டுகளிலேயே துருப்பிடித்து உளுத்துப்போனது.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த கார் எது? நழுவாமல் பதில் சொல்லவும்.

பதில்: 1953 ஸ்டூட்பேக்கர் ஸ்டார்லைனர். ரேமண்ட் லோவியின் வடிவமைப்புக் குழுவில் ராபர்ட் பூர்க் வரைந்தது. வாலும் இல்லை, குரோமியமும் குறைவு. இத்தனை பக்கம் வால்களைப் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்வது முரண்தான், ஆனால் நழுவ வேண்டாம் என்றீர்கள்.

கேள்வி: பழைய அமெரிக்கக் கார்களை அருங்காட்சியகக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. அமெரிக்கா செல்லும்போது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் ஏதேனும் உண்டா?

பதில்: கார்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்டு மாதம் டெட்ராய்டுக்கு வெளியே உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் அணிவகுப்புக்குப் போகலாம், 1995 முதல் நடக்கிறது, ஆனால் சொந்தக்காரரைக் கேட்காமல் எதையும் தொட முடியாது. தொட வேண்டும் என்றால் டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகருக்கு வெளியே, 40ஆம் எண் நெடுஞ்சாலையோரத் திறந்த வெளியில் உள்ள காடிலாக் ரான்ச்தான் இடம். ‘ஆன்ட் ஃபார்ம்’ என்ற கலைஞர் குழு 1974இல் 1949 முதல் 1963 வரையிலான பத்து காடிலாக் கார்களை வரிசையாக, மூக்கு மண்ணுக்குள்ளும் வால் வானத்தை நோக்கியும் இருக்குமாறு சாய்த்துப் புதைத்தது. கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் தெளிப்புப் பெயிண்டால் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போவது அங்கே வழக்கம். ஒருவர் எழுதியதன் மேல் அடுத்தவர் எழுதுவார். விளக்குகளும் குரோமியப் பட்டைகளும் என்றைக்கோ போய்விட்டன. பெயிண்ட் அடுக்கடுக்காக ஏறி உலோகத்தின் கூரிய விளிம்புகளெல்லாம் மழுங்கி, மரப்பட்டை போலத் தடித்துவிட்டன. ஆனாலும் எந்தக் கார் எந்தக் காலத்தது என்பதை வாலின் உயரத்தை வைத்து ஓரளவு இன்னும் சொல்லிவிடலாம். போவதானால் பழைய காலணியை அணிந்து செல்லுங்கள். மழை பெய்திருந்தால் கார்களைச் சுற்றிலும் சேறு.